‘முதல் ஒன்பதரை வாரங்கள்’: ஜான் இல்லாத ஜானின் முன்கதை

திரைக்கரை

சென்ற சனிக்கிழமை இரவு ‘ஒன்பதரை வாரங்கள்’ படத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி பார்த்தேன். 1986இல் வெளிவந்த ஏட்ரியன் லைன் படம். நியூயார்க்கில் ஓவியக் கூடம் ஒன்றில் வேலை செய்யும் எலிசபெத்தாக கிம் பேசிங்கர், வால் ஸ்ட்ரீட்டில் பணம் புரட்டும் ஜானாக மிக்கி ரூர்க். அந்தச் சூட்டிலேயே ஞாயிறு இரவு, அதன் முன்கதை என்று 1998இல் வெளியான ‘முதல் ஒன்பதரை வாரங்கள்’ படத்தையும் போட்டேன். திங்கள் முழுவதும் எனக்கு இருந்த எரிச்சலுக்கு அதுதான் காரணம். அலுவலகத்தில் சொல்ல முடியாது, நம் இணையக் குழுவில் கொட்டுகிறேன்.

முன்கதை என்றால் எதை எதிர்பார்ப்போம்? ஜான் எப்படி அப்படி ஆனான் என்று கொஞ்சமாவது தெரிய வேண்டும். ஒரே மாதிரியான சூட்டுகளை அலமாரியில் வரிசையாகத் தொங்கவிட்டுக்கொண்டு, பெண்ணின் கண்ணைக் கட்டிவிட்டு, புன்னகை மாறாமல் ஆணையிடும் ஒருவன் எந்த வீட்டில் பிறந்தான், யாரிடம் தோற்றான்? இப்படி ஏதாவது ஒன்று.

இந்தப் படத்தில் ஜானே இல்லை. மாட் வேட் என்று வேறொருவன் வருகிறான். அவனும் வால் ஸ்ட்ரீட்டில் வேலை பார்க்கிறான் என்பதைத் தவிர, முதல் படத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எலிசபெத் இல்லை. நியூயார்க்கும் இல்லை, கதை நியூ ஆர்லியன்ஸில் நடக்கிறது. தொழில் நிமித்தம் அங்கே போகும் மாட், பிரான்சுவா துபுவா என்ற பெரும் பணக்காரரைச் சந்திக்கிறான்; அவருடைய மனைவி லீனாவிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். பணக்காரராக மால்கம் மெக்டவல், மனைவியாக கிளாரா பெல்லார், மாட்டாக பால் மெர்குரியோ. இயக்கம் அலெக்ஸ் ரைட்.

ஆளும் வேறு, ஊரும் வேறு. பிறகு எதற்கு அந்தத் தலைப்பு? இதைக் கடைசிவரை பார்த்தவர்கள் வேறு யாராவது இங்கே இருக்கிறீர்களா, அல்லது நான் ஒருவன்தானா?

தொட்டிமீன்

நான் பாதியில் தூங்கிவிட்டேன் அண்ணா. காமத்தைப் பற்றிய படம் பார்த்துத் தூங்கியது அதுதான் முதல் தடவை.

கேசட்காலம்

திரைக்கரை தம்பி, நீங்கள் ஒருவர் இல்லை. ஆனால் கடைசிவரை பார்த்தவர்களை எண்ண விரல்கள் போதும். நான் பதினோரு ஆண்டுகள் கேசட் வாடகைக் கடை வைத்திருந்தவன். அந்தப் படம் என் கடைக்கு வந்த நேரத்தில் வி.சி.டி. தலைகாட்டத் தொடங்கியிருந்தது, கேசட் வியாபாரம் இழுத்துக்கொண்டிருந்தது. ‘ஒன்பதரை வாரங்கள்’ என்ற பெயர் இருந்தால் போதும், அலமாரியில் நிற்காது என்று நம்பி இரண்டு பிரதிகள் எடுத்தேன்.

முதல் வாடிக்கையாளர் ஒரு வங்கி அதிகாரி. பெயர் வேண்டாம், இன்றும் நடைப்பயிற்சியில் எதிர்ப்படுகிறார். மாலை ஆறு மணிக்கு எடுத்துப்போனார், எட்டரை மணிக்குக் கடை வாசலில் நின்றார். “பெட்டி சரி, உள்ளே வேறு கேசட்டை வைத்துக் கொடுத்துவிட்டாய்” என்றார். நான் கேசட்டை வெளியே எடுத்து முதுகில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. கடைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். தலைப்பு வந்தது. பெரிய எழுத்தில் அதே ஒன்பதரை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். “அப்படியானால் ரூர்க் எப்போது வருவார்?” என்று கேட்டார். வரமாட்டார் என்று எனக்கும் அப்போது தெரியாது. “இடைவேளைக்குப் பிறகு வருவாராக இருக்கும் சார்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பாவம் இன்னும் தீரவில்லை.

கறார்கணக்கு

தலைப்பு எதற்கு என்று கேட்கிறீர்கள். விடை கேசட்காலம் ஐயாவின் பதிவிலேயே இருக்கிறது. அவர் இரண்டு பிரதிகள் எடுத்தார் அல்லவா? அதற்குத்தான்.

இந்தப் படம் திரையரங்குக்காக எடுக்கப்பட்டதே அல்ல. நேரே வீடியோவுக்கு வந்தது. திரையரங்குப் படம் பார்த்தவர்களின் வாய்வார்த்தையால் ஓடும் அல்லது விழும். வாடகைக் கடைப் படத்துக்கு வாய்வார்த்தை தேவையில்லை. கடைக்காரர் வாங்கியதுமே தயாரிப்பாளர் கைக்குப் பணம் வந்துவிடும். வாடிக்கையாளர் அலமாரி முன்னால் நிற்கும் அரை நிமிடத்தில் அட்டை அவரைப் பிடித்தால் சரி. அதன்பின் அவர் தூங்கினாலும் திட்டினாலும் தயாரிப்பாளருக்குக் கவலை இல்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் 1986 படமே அமெரிக்காவில் ஓடாத படம். 1984இல் படப்பிடிப்பு, 1986 பிப்ரவரியில்தான் வெளியீடு. அத்தனை காலம் கிடப்பில் கிடந்தது. செலவு 1.7 கோடி டாலர், அமெரிக்க வசூல் 67 லட்சம் டாலர். படுதோல்வி என்றே சொல்ல வேண்டும். மோசமான படங்களுக்கான ராஸி விருதுப் பட்டியலில் பேசிங்கரின் நடிப்பு, திரைக்கதை, பாடல் என மூன்று இடங்களில் பெயர் வந்தது. விமர்சகர் ராஜர் ஈபர்ட் மாத்திரம் நான்குக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். பிறகு படத்தைத் தூக்கி நிறுத்தியவை ஐரோப்பாவும், குறிப்பாக பிரான்ஸும், எல்லாவற்றுக்கும் மேலாக வீடியோக் கேசட்டும்தான். கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்கக் கூச்சப்பட்டவர்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார்கள். அதனால் கேசட் சந்தையில் அந்தத் தலைப்புக்கு இருந்த மதிப்பு, படத்தின் தரத்தைப் பற்றியது அல்ல. அது ஒரு பெயர்ப்பலகை.

நம் ஊர்களில் புகழ்பெற்ற அல்வாக் கடை ஒன்றைச் சுற்றி அதே பெயரில் ஆறு கடைகள் முளைக்கும்; ஒவ்வொன்றிலும் ‘அசல்’ என்று எழுதியிருக்கும். இந்தப் படத்தின் தலைப்பில் உள்ள ‘முதல்’ என்ற சொல் அந்த ‘அசல்’தான்.

புதிய தந்திரமும் அல்ல. 1986 படத்தின் திரைக்கதையாசிரியர்களில் ஒருவரான சால்மன் கிங், ரூர்க்கை வைத்து ‘வைல்ட் ஆர்க்கிட்’ எடுத்தார். 1991இல் அதற்கு இரண்டாம் பாகம் என்று ஒன்றை வெளியிட்டார். முதல் படத்தின் ஒரு பாத்திரம்கூட அதில் கிடையாது.

தொட்டிமீன்

எல்லாம் சரி. ஆனால் முன்கதை என்றாலே மோசம் என்பதுபோல் இழை போகிறதே. ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகம் 1974இல் வந்தது. பாதிப் படம் மாஃபியாத் தலைவர் வீட்டோவின் இளமைக்கால முன்கதைதானே? அதை யார் குறை சொன்னார்கள்? நல்ல இயக்குநர் கிடைத்திருந்தால் ஜானின் முன்கதையும் நன்றாக வந்திருக்கும் என்பது என் கட்சி.

திரைக்கரை

தொட்டிமீன், அங்கேதான் நான் முரண்படுகிறேன். கறார்கணக்கு சொன்ன வியாபாரம் முழுவதும் உண்மை. ஆனால் இந்தப் படத்தை ‘காட்ஃபாதர்’ எடுத்த கப்போலாவிடம் கொடுத்திருந்தாலும் உருப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

வீட்டோவின் கடந்த காலம் நமக்கு முதல் படத்திலேயே பாதி தெரியும். அவருடைய பேச்சு, தூக்கம் கலையாத அந்தக் குரல், வீட்டைச் சுற்றியிருக்கும் சொந்தம் எல்லாமே எங்கிருந்தோ வந்தவை என்று தெரிந்துகொண்டேதான் பார்க்கிறோம். முன்கதை அந்த வேரைத் தோண்டிக் காட்டுகிறது. ஜானின் கதை நேர் எதிர். அவனுடைய பலமே அவனுக்கு ஊரும் பேரும் இல்லாததுதான். எலிசபெத்துக்கு எல்லாம் இருக்கிறது: முறிந்த திருமணம், கூட வேலை பார்க்கும் தோழிகள், கண்காட்சிக்குத் தயார் செய்ய வேண்டிய ஒரு கிழ ஓவியர். ஜானிடம் கடிகாரமும் சூட்டும் புன்னகையும் மட்டும். அவள் தன்னைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவன் கனக்கிறான். அவன் ஒன்றும் சொல்லாமல் இருக்க இருக்க அவள் மெலிகிறாள். படத்தின் மொத்தத் தராசும் அவ்வளவுதான்.

அந்தக் குளிர்சாதனப் பெட்டிக் காட்சியை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். சமையலறைத் தரை, திறந்த கதவிலிருந்து வழியும் வெளிச்சம். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவன் ஒவ்வொன்றாக ஊட்டுகிறான்: ஆலிவ், செர்ரி, ஸ்ட்ராபெரி, நடுங்கும் ஜெல்லி, இருமல் மருந்து. பிறகு ஒரு பச்சை மிளகாய். கடித்ததும் அவள் முகம் மாறுவதைப் பாருங்கள். அவன் சிரித்துக்கொண்டே பாலை எடுத்து நீட்டுகிறான். அது விளையாட்டும்தான், சோதனையும்தான்: அடுத்து வருவது இனிப்பா காரமா என்று அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. அவனுடைய பால்யத்தைச் சொல்லும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் அந்த மிளகாயில் காரம் இருக்குமா?

இப்போது முடிவுக்கு வாருங்கள். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். அப்போதுதான் அவன் முதல்முறையாகத் தன் குடும்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறான். சாதாரண வீடு, உழைத்துப் பிழைத்த பெற்றோர், சகோதரர்கள். அந்தக் கம்பீரமெல்லாம் கழன்று விழுகிறது. அவள் காதில் வாங்கிக்கொண்டு போயே விடுகிறாள். அதன்பின் காலி வீட்டில் நின்று, ஐம்பது எண்ணி முடிப்பதற்குள் வந்துவிடு என்று எண்ணிக்கொண்டிருக்கிறான்.

அவன் கையில் இருந்த கடைசிக் காசு அந்த முன்கதை. காலம் கடந்து நீட்டினான், செல்லவில்லை. அந்தக் காசை எடுத்து ஒரு முழுப் படமாக உருக்கினால் பழைய படத்தின் கடைசிக் காட்சிதான் உடையும். மாட் வேட் என்று வேறு பெயர் வைத்ததன் மூலம், தெரியாமலேயே ஒரு நல்ல காரியம் செய்தார்கள் என்றுகூட இப்போது தோன்றுகிறது. ஜான் தப்பித்துக்கொண்டான்.

தொட்டிமீன்

கடைசி வாக்கியத்தோடு உடன்படுகிறேன். மற்றதை ஞாயிற்றுக்கிழமை யோசிக்கிறேன்.

சங்கீதம்23

கொஞ்சம் தடம் மாறிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பால் மெர்குரியோ என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் போட்டுக்காட்டும் ‘யோசேப்பு’ படத்தில் யோசேப்பாக நடித்தவர் அவர்தான்! 1995இல் தொலைக்காட்சிக்காக எடுத்தது. எம்மி விருது வாங்கியது. பென் கிங்ஸ்லி அதில் யோசேப்பின் எஜமான் போத்திபார்.

வேதாகமத்தில் அந்தப் பகுதியை அறிந்தவர்களுக்குப் புரியும். அந்நிய தேசத்துக்கு வந்த வாலிபன், அதிகாரமுள்ள எஜமான், அவனுடைய மனைவி. அவள் அழைக்கிறாள், யோசேப்பு தன் வஸ்திரத்தை அவள் கையில் விட்டுவிட்டு ஓடிப்போகிறான். மூன்று ஆண்டு கழித்து அதே நடிகர், ஏறக்குறைய அதே கதையில், ஓடாமல் நின்றுவிட்டார். திரைக்கரை எழுதிய கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி என்னவென்று கேட்டாள். சொல்லவில்லை.

கேசட்காலம்

சங்கீதம்23, அந்த மனிதரின் வாழ்க்கையே ஒரு கதம்பம். அடிப்படையில் அவர் நடனக் கலைஞர், ஆஸ்திரேலியர். பாஸ் லுர்மனின் ‘ஸ்ட்ரிக்ட்லி பால்ரூம்’ படத்தில் 1992இல் ஆடியபோது என்ன வேகம்! அடுத்த பெரிய நட்சத்திரம் என்றே எல்லோரும் நினைத்தோம். அதன்பின் ஹாலிவுட்டில் ‘எக்ஸிட் டு ஈடன்’ என்று ஒரு படம், அதுவும் காமத்தைச் சுற்றியது, அதுவும் விழுந்தது. 1998இல் நம் இழையின் நாயகன். பிறகு ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் நடனப் போட்டி நடுவர். 2022இல் விக்டோரியா மாநிலத் தேர்தலில் தொழிற்கட்சி சார்பில் ஹேஸ்டிங்ஸ் தொகுதியில் வென்று சட்டமன்றத்துக்கே போய்விட்டார். நடிகர் சட்டமன்றம் போவது நமக்குப் புதிதா என்ன!

பூவரசு_82

முதல் படத்தை வெட்டில்லாமல் எங்கே பதிவிறக்கலாம்? இணைப்பு இருந்தால் தனிச்செய்தியில் அனுப்பவும்.

நெறியாளர்

திருட்டுப் பிரதி கேட்பதும் கொடுப்பதும் இங்கே கிடையாது. இது மூன்றாவது எச்சரிக்கை, பூவரசு. மற்றவர்கள் தொடரலாம்.

நீலாம்பல்

தாமதமாக வருகிறேன். இவ்வளவு பேர் பேசிவிட்டீர்கள். அந்தப் பெண்ணைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஜானின் முன்கதை, ஜானின் காசு, ஜானின் சூட்டு. எலிசபெத்துக்கு முன்கதை வேண்டாமா?

இந்தப் படம் ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. 1978இல் எலிசபெத் மெக்நீல் என்ற புனைபெயரில் வெளியான நினைவுக்குறிப்பு. எழுதியவர் இங்கெபோர்க் டே. ‘மிஸ்’ என்ற பெண்ணிய இதழில் வேலை பார்த்தவர். அந்தப் புத்தகத்தில் அந்த ஆணுக்குப் பெயரே இல்லை. ‘அவன்’ மட்டும்தான். ஜான் என்று பெயர் வைத்ததே சினிமாக்காரர்கள். முடிவும் வேறு. படத்தில் அவள் நிமிர்ந்து நடந்து வெளியேறுகிறாள், கண்ணில் நீர் இருந்தாலும். புத்தகத்தில் அவள் அழத் தொடங்குகிறாள், நிறுத்த முடியவில்லை, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாகிறது. மினுமினுக்கும் விளம்பரப் படம்போல லைன் எடுத்திருப்பதால் நமக்கு அந்த வலி கேட்பதில்லை. புத்தகத்தின் நடையில் மினுமினுப்பே கிடையாது. வீட்டுக் கணக்கு எழுதுவதுபோல, இன்ன கிழமை இன்னது நடந்தது என்று எழுதிக்கொண்டே போகிறார். படிக்கும்போது கை சில்லிட்டுப் போகிறது.

இனி முக்கியமான விஷயம். இந்தக் கதைக்கு உண்மையான முன்கதை ஒன்று இருக்கிறது. அதையும் அவரே எழுதினார். 1980இல், இந்தமுறை சொந்தப் பெயரில், ‘கோஸ்ட் வால்ட்ஸ்’ என்ற நூல். இங்கெபோர்க் டே 1940இல் ஆஸ்திரியாவில் பிறந்தவர். அவருடைய தந்தை நாஜிகளின் எஸ்.எஸ். படையில் இருந்தவர். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மகள் அமெரிக்கா போய், வளர்ந்த பிறகு, அப்பா யார் என்ற கேள்வியோடு மல்லுக்கு நிற்கிறார். தந்தையை நேசித்ததையும் அவர் சார்ந்திருந்ததை வெறுத்ததையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய நிலை. ஆணையிடுபவர்கள், கீழ்ப்படிபவர்கள், வாயைத் திறக்காத வீடு. இதைப் படித்துவிட்டு மற்றப் புத்தகத்துக்குத் திரும்பிப் பாருங்கள். இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்று அந்தக் காலத்து வாசகர்களில் அநேகருக்குத் தெரியாது; இரண்டு பெயர்கள் அல்லவா! உண்மை 1980களில்தான் அச்சில் வெளிப்பட்டது. ஒன்று உலகம் முழுக்க ஓடிய படமாயிற்று. மற்றதை இன்றும் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர் 2011இல் இறந்தார்.

ஒன்று காரணம், மற்றது விளைவு என்று நான் சொல்லவில்லை. அப்படி முடிச்சுப் போடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் முன்கதை எடுக்க வேண்டும் என்று யாருக்காவது உண்மையிலேயே ஆசை இருந்திருந்தால், சரக்கு நூலக அலமாரியிலேயே இருந்தது. அவர்கள் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனார்கள்.

திரைக்கரை சொன்ன ‘காலம் கடந்த முன்கதை’ எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதை. மதுரை எரிந்துகொண்டிருக்கிறது. அப்போது மதுராபதித் தெய்வம் வந்து கோவலனின் முற்பிறப்பைச் சொல்கிறாள்: அவன் பரதன் என்ற பெயரில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொலைக்கு ஆளாக்கியவன், சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம் இது என்று. கவனியுங்கள், அந்தத் தெய்வம் கண்ணகியின் முன்னால் வருவதற்கே அஞ்சிப் பின்னால் நின்று பேசுகிறது. முன்கதை சொல்ல வருகிறவருக்கு அந்தக் கூச்சம் இருக்க வேண்டும். அதைக் கேட்டுக் கண்ணகி என்ன ஆறுதல் அடைந்துவிட்டாள்? வளையலை உடைத்துவிட்டு மேற்கு வாயில் வழியாகப் போய்விடுகிறாள்.

தொட்டிமீன்

மிக்கி ரூர்க்கில் தொடங்கி இளங்கோவடிகளில் வந்து நிற்கிறோம். இந்தக் குழுவை விட்டு நான் போகாததற்கு இதுதான் காரணம்.

கறார்கணக்கு

நீலாம்பல் அக்கா, அருமை. ஆனால் திரைக்கரையின் கொள்கையில் ஓர் ஓட்டை இருக்கிறது. கடந்த காலம் தெரிந்தால் கவர்ச்சி போய்விடும் என்கிறார். ‘ஃபிஃப்டி ஷேட்ஸ்’ படவரிசை என்ன செய்தது? பணக்காரன், கட்டுப்படுத்துகிறவன், சூட்டு போட்டவன். அவன் பெயர்கூட கிரே. 1986 படத்தின் ஜானுக்கும் குடும்பப் பெயர் கிரேதான், ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத்தான் வேறு. இந்தப் புதிய கிரேக்கு முன்கதை மூட்டை மூட்டையாக இருக்கிறது: போதைக்கு அடிமையான தாய், உடம்பில் தழும்பு, பதின்வயதில் நேர்ந்த கொடுமை. எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னார்கள். 2015இல் முதல் படம் மட்டும் உலக அளவில் 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. விளக்கம் விலை போனதே!

திரைக்கரை

விலை போனது, மறுக்கவில்லை. ஆனால் அது வேறு கடை. அங்கே அவன் நோயாளி, அவள் மருந்து. ஏன் இப்படி ஆனான் என்று தெரிந்துகொண்டு குணமாக்கிக் கல்யாணமும் செய்துகொள்ளலாம். மூன்றாம் பாகத்தில் அதுதான் நடக்கிறது. அப்படிப்பட்ட கதைக்கு முன்கதை அவசியம். மருத்துவரிடம் போனால் பழைய சீட்டைக் கேட்பார்கள் அல்லவா? ‘ஒன்பதரை வாரங்கள்’ குணமாகாத கதை. அவள் அவனைச் சரிசெய்யவில்லை, பிழைத்து வெளியே வந்தாள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஊர் தெரியாத ஆண் என்பதில் நான் கவர்ச்சியைப் பார்த்தேன். நீலாம்பல் அதே இடத்தில் ஆபத்தைப் பார்த்தார். என் முந்தைய பதிவைத் திரும்பப் படித்தபோது, மிளகாயை ரசித்து எழுதியிருக்கிறேன், கடித்தவள் யார் என்று நினைக்கவில்லை.

நீலாம்பல்

அந்த மிளகாய் முகத்தைப் பற்றி இன்னொன்றும் இருக்கிறது. பேசிங்கரின் பதற்றம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகப் படப்பிடிப்பில் அவரையும் ரூர்க்கையும் கேமராவுக்கு வெளியே பழகவிடாமல் பிரித்துவைத்ததாகவும், காட்சிகளைக் கதை வரிசையிலேயே எடுத்ததாகவும் லைன் அப்போதே பத்திரிகைகளிடம் சொல்லியிருக்கிறார். பெருமையாகச் சொன்ன உத்தி அது. அது அவரை எவ்வளவு பாடுபடுத்தியது என்று பேசிங்கர் பேசியதும் பதிவாகியிருக்கிறது. அந்தப் பாடு பட்டதற்குக் கிடைத்தது மோசமான நடிகை என்ற ராஸி பரிந்துரை!

அந்த வகையில் 1998 படத்தில் நடித்த கிளாரா பெல்லார் தப்பித்தார் என்பேன். ஸ்பீல்பெர்க்கின் ‘ஏ.ஐ.’ படத்தில் இயந்திரத் தாதியாகச் சில நிமிடங்கள் வருவாரே, பாதி முகம் மட்டும் இருக்கும், அழிந்துபோவாரே, அவர்தான். பள்ளிக்கூடம் இல்லாமல் வளரும் குழந்தைகளைப் பற்றிப் பிறகு ஓர் ஆவணப்படமும் இயக்கினார்.

சங்கீதம்23

1997இல் ரூர்க் நடித்தே ஓர் அடுத்த பாகம் வந்ததே, பாரிஸில் நடக்கும் கதை. அதை யாரும் தொடவில்லையே?

தொட்டிமீன்

பார்த்தேன். ஆன் கூர்சோ இயக்கியது. கப்போலாவின் ‘டிராகுலா’வுக்குப் படத்தொகுப்பு செய்தவர்களில் ஒருவர். ஜான் எலிசபெத்தைத் தேடி பாரிஸுக்குப் போகிறான். அவள் இல்லை, அவளை அறிந்த ஓர் ஆடை வடிவமைப்பாளர்தான் இருக்கிறாள். இடையில் ரூர்க் சில ஆண்டுகள் குத்துச்சண்டைக்குப் போய் முகத்தைக் கெடுத்துக்கொண்டு வந்திருந்தார். அந்த முகம்தான் அந்தப் படத்தில் இருக்கும் ஒரே உண்மை. முதல் பாகத்தில் இருவரும் உண்டு, இரண்டாவதில் அவன் மட்டும், மூன்றாவதில் இருவருமே இல்லை. நான்காவது எடுத்திருந்தால் வாரங்களும் காணாமல் போயிருக்கும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

கேசட்காலம்

நானும் ஒரு சாட்சி சொல்லிவிட்டுப் போகிறேன். கேசட் கடைக்காரனுக்கு மட்டும் தெரிந்த ஒரு விமர்சன முறை உண்டு. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தால் அங்கே நாடா தேய்ந்து, திரையில் வெள்ளைக் கோடுகள் விழும். எந்தப் படத்தில் ஊருக்கு எது பிடிக்கிறது என்று நான் யாரையும் கேட்டதில்லை. கோடு விழும் இடத்தைப் பார்த்துக்கொள்வேன். சண்டைப் படங்களுக்குச் சண்டை, பாட்டுப் படங்களுக்குப் பாட்டு.

1986 படத்தில் கோடு விழுந்தது இரண்டு இடங்களில். ஒன்று, நீங்கள் எழுதிய குளிர்சாதனப் பெட்டி. மற்றது, ஜோ காக்கர் பாட்டுக்கு அவள் ஆடும் இடம். இரண்டையும் யாரும் ஊகிக்கலாம். ஆனால் ஒரு பிரதியில் மூன்றாவதாக ஓர் இடம் இருந்தது. கடைசிக் காட்சி, அவள் கிளம்பும் இடம். அந்தப் பிரதியை அடிக்கடி எடுத்துப்போனவர் ஒரே ஆள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முன்கதைக் கேசட் இரண்டும் இன்னும் பரணில் கிடக்கின்றன. இந்த இழையைப் பார்த்துவிட்டு நேற்று இறக்கினேன். மேலே பூஞ்சை, உள்ளே நாடா புத்தம்புதிதாக மின்னுகிறது, ஒரு கோடு கிடையாது. ஒன்றை யாரோ ரீவைண்ட் செய்யாமலே திருப்பித் தந்திருக்கிறார்கள். ரீவைண்ட் செய்யாவிட்டால் இரண்டு ரூபாய் அபராதம் என்று கடையில் பெரிதாக எழுதிப் போட்டிருந்தேன். வலப்பக்கச் சுருளில் கொஞ்சம்தான் நாடா ஏறியிருக்கிறது. என் கண்ணளவுக்கு இருபத்தைந்து நிமிடம் இருக்கும்.

தொட்டிமீன்

ஐயா, அது நான் எடுத்துப்போன கேசட்டாக இருக்கலாம். நான் தூங்கியதும் கிட்டத்தட்ட அங்கேதான். உங்கள் கடை தேரடிக்கு எதிரிலா இருந்தது?

கேசட்காலம்

தேரடிக்கு எதிரில், சைக்கிள் கடைக்கு மாடியில். இரண்டு ரூபாயை எடுத்து வையுங்கள்.